அன்னோ 1800: கணக்குப் பிசகினால் கலகம்

ஜெர்மனியில் ஆண்டுதோறும் அந்நாட்டின் சிறந்த வீடியோ கேமைத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுக்கிறார்கள். 'டாய்ச்சர் கம்ப்யூட்டர்ஷ்பீல்பிரைஸ்' என்று பெயர். 2009-இல் தொடங்கியது. அரசும் கேம் துறைச் சங்கமும் சேர்ந்து நடத்துகின்றன. பரிசுப் பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள முடியாது, அடுத்த கேமை உருவாக்கத்தான் செலவிட வேண்டும். 2020-இல் கொரோனாவால் விழா அரங்கத்திலிருந்து இணைய ஒளிபரப்புக்கு மாறியது. அந்த ஆண்டின் 'சிறந்த ஜெர்மன் கேம்', தீவுகளில் ஊர் கட்டி வளர்க்கும் அன்னோ 1800.

இதே தொடரின் அன்னோ 1404-க்கு 2010-இலும், அன்னோ 2205-க்கு 2016-இலும் இதே பரிசு போயிருக்கிறது. நடுவர்களுக்கு வேறு கேமே கண்ணில் படவில்லையா என்று கேட்கத் தோன்றும். 2012-இல் துப்பாக்கிச் சண்டை கேமான கிரைசிஸ் 2 வென்றபோது அரசியல்வாதிகள் சிலர் கொதித்தார்கள். 'பண்பாட்டுக்கும் கல்விக்கும் பயனுள்ளது' என்ற விதி அப்போது இருந்தது. சுடுவதில் என்ன கல்வி என்பது அவர்கள் கேள்வி. ஊர் கட்டும் கேமுக்குக் கொடுத்தால் இந்த வம்பெல்லாம் வராதுதான். ஆனால் அன்னோ 1800 அந்தச் சலுகையில் வென்ற கேம் இல்லை. அது தரமாகச் செய்யப்பட்டது என்று பரிசு சொல்கிறது, அது உண்மை. யாருக்கு ஒத்துவரும், எந்த இடத்தில் காலை வாரும் என்பதைப் பரிசு சொல்லாது.

2019 ஏப்ரல் 16-இல் வெளிவந்தது. உருவாக்கியது மைன்ஸ் நகரத்தில் உள்ள யூபிசாஃப்ட் ஸ்டூடியோ. தொடரின் எல்லாப் பெயர்களிலும் இலக்கங்களைக் கூட்டினால் 9 வரும்: 1602, 1503, 1701, 1404, 2070, 2205, 1800. அண்மையில் வந்த 117-ம் அப்படித்தான். எண் கணிதத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் மகிழலாம். மற்றவர்களுக்கும் இந்த கேமில் கணக்குக்குப் பஞ்சமில்லை.

ஒரு தீவில் உழவர் குடியிருப்போடு தொடங்குகிறீர்கள். மக்களில் ஐந்து படிநிலைகள். உழவர் வீட்டில் 10 பேர், தொழிலாளர் வீட்டில் 20, கைவினைஞர் வீட்டில் 30, பொறியாளர் வீட்டில் 40, முதலீட்டாளர் வீட்டில் 50. அடிப்படைத் தேவைகளைத் தீர்த்தால் வீடு நிரம்பும், மேல்படிக்கு உயர்த்தலாம். ஆடம்பரத் தேவைகளைத் தீர்த்தால் மகிழ்ச்சியும் பணமும் வரும். படிக்கும்போது படி ஏறுவது போலத் தெரியும், ஆனால் ஒவ்வொரு படியும் கீழ்ப்படியின் முதுகில்தான் நிற்கிறது. கேமின் சூட்சுமம் முழுக்க இதில் இருக்கிறது.

முதல் ஒரு மணி நேரத்துக்கு வேண்டிய கணக்கு இது. மரம் வெட்டும் குடிசை ஒன்றுக்கு ஒரு மரவாடி. இரண்டுமே 15 விநாடிக்கு ஒரு டன். ஒரு மீன்பிடித் துறை 80 வீடுகளுக்குப் போதும். ஆட்டுப் பண்ணை ஒன்று, நெசவுக் கூடம் ஒன்று என்றால் 65 உழவர் வீடுகளுக்கு உடை. உருளைக்கிழங்குப் பண்ணை ஒன்று, ஷ்னாப்ஸ் சாராய ஆலை ஒன்று என்றால் 60 வீடுகளுக்குத் தாகசாந்தி. ஆக 60 வீடு வரை எல்லாவற்றிலும் ஒவ்வொன்று போதும். புதியவர்கள் பயத்தில் இரண்டாவது மீன்துறை, இரண்டாவது ஆட்டுப் பண்ணை என்று கட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு கட்டடமும் சும்மா இருந்தாலும் பராமரிப்புச் செலவைத் தின்னும், கஜானா சிவப்புக்குப் போகும். செங்கல்லிலும் இதே தவறு நடக்கும்: களிமண் குழி 30 விநாடிக்கு ஒரு டன் தரும், செங்கல் சூளைக்கு 60 விநாடி வேண்டும். ஒரு குழிக்கு இரண்டு சூளைதான் சரி. ஒன்றுக்கொன்று கட்டினால் பாதிக் களிமண் கிடங்கில் தேங்கும்.

பெரிய விபத்து அடுத்த கட்டத்தில் நேர்கிறது. வீடுகளை உயர்த்தும் பொத்தான் கிடைத்ததும் கை சும்மா இருக்காது. ஓர் உழவர் வீட்டைத் தொழிலாளர் வீடாக்கினால் 20 தொழிலாளர் கிடைப்பார்கள், கூடவே 10 உழவர் காணாமல் போவார்கள். தொழிலாளரின் சாப்பாடோ உழவர் கையில்தான் இருக்கிறது.

100 தொழிலாளர் வீடுகளை வைத்துப் பார்ப்போம். சாசேஜுக்குப் பன்றிப் பண்ணை 2, இறைச்சிக் கூடம் 2. ஒரு கூடம் 50 வீடுகளுக்கு. ரொட்டிக்குத் தானியப் பண்ணை 2, மாவு ஆலை 1, அடுமனை 2. இது 110 வீடுகள் தாங்கும். சோப்புக்கு மேலும் 2 பன்றிப் பண்ணை, கொழுப்பு உருக்கும் கூடம் 2, சோப்பு ஆலை 1. பீருக்குத் தானியப் பண்ணை 2, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்புத் தரும் பூ) பண்ணை 3, மால்ட் (முளைவிட்ட தானியம்) கூடம் 1, மதுவடி ஆலை 2. 130 வீடுகளுக்கு வரும். பன்றிப் பண்ணைக்குத் தலா 30 உழவர், தானியத்துக்கும் ஹாப்ஸுக்கும் தலா 20. கூட்டினால் 260 உழவர், அதாவது 26 வீடுகள் இதற்கென்றே உயராமல் இருக்க வேண்டும். பழைய மீன், உடை, சாராய வேலைக்கான ஆட்கள் இதில் சேரவில்லை. தொழிலாளர்களும் மீன் தின்பார்கள், ஷ்னாப்ஸ் குடிப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது.

இதைக் கணக்கில் வைக்காமல் எல்லா வீட்டையும் உயர்த்தினால், பண்ணைகளில் ஆள் பற்றாமல் உற்பத்தி சுருங்கும். சாசேஜ் குறையும், வீடுகள் காலியாகும், தொழிலாளரும் குறைவார்கள், அடுமனை பாதி வேகத்துக்கு இறங்கும், வரி விழும். பத்து நிமிடத்தில் வேலை நிறுத்தம், கலகம். பலர் இதை கேமின் பிழை என்று நினைக்கிறார்கள். உயர்த்துவதற்கு முன் திரையின் மேலே உள்ள ஆள்பலக் கணக்கைப் பார்த்து, ஒரே மூச்சில் ஐந்து வீடுகளுக்கு மேல் தொடாமல் இருந்தால் போதும். ஆள்பலம் தீவுக்குத் தீவு தனி என்பதும் நினைவில் இருக்கட்டும். பக்கத்துத் தீவின் ஆட்களை இங்கே வேலைக்கு அழைக்க உதவும் பயணியர் துறை, பொறியாளர் படிக்கு வந்த பிறகுதான் கிடைக்கும்.

சோப்பு பற்றி ஒரு கொசுறு. ஒரு சோப்பு ஆலை 240 வீடுகளுக்கு வரும், ஆரம்பத்தில் பாதிக்கு மேல் மிஞ்சும். மிஞ்சியதைக் கப்பலில் ஏற்றிச் சிறைத்தீவுக்காரர் எலை பிளீக்வொர்த்திடம் விற்றால் நல்ல விலை. கைதிகளைக் குளிப்பாட்டியே பலர் முதல் கடனிலிருந்து மீண்டிருக்கிறார்கள்.

இடப் பற்றாக்குறை அடுத்தது. உருளைக்கிழங்குப் பண்ணைக்கு 72 கட்ட வயல், ஹாப்ஸுக்கு 96, தானியத்துக்கு 144. மேலே சொன்ன பீர் வரிசைக்கு மட்டும் 576 கட்டம். வயல் செவ்வகமாக இருக்க வேண்டியதில்லை. கடற்கரை வளைவு, மலையடிவாரம் என்று ஒழுங்கற்ற மூலைகளில் பரப்பலாம். நடு நிலத்தை வீடுகளுக்கு விடுங்கள், சந்தைக்கும் பள்ளிக்கும் எல்லை தூரம் உண்டு. பணமில்லாமலே கட்டடங்களை நிழலாக வரைந்து வைக்கும் வசதி இருக்கிறது. அதில் முதலில் கோடு போட்டுப் பார்ப்பது நல்லது. புதிய ஆட்டம் தொடங்கும்போது 'கட்டடத்தை இடம் மாற்றலாம்', 'இடித்தால் முழுப் பணம் திரும்பும்' என்ற இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் ஆலை நின்று நின்று ஓடுகிறதா? கிடங்கைப் பாருங்கள். வண்டிகள் வரிசையில் நின்றால் சரக்கு இருந்தும் ஆலைக்குப் போய்ச் சேராது. கிடங்கைப் பெரிதாக்குவது அல்லது இன்னொன்றை ஆலைகளுக்கு நடுவே கட்டுவதுதான் மருந்து. மண் சாலையைக் கல் சாலையாக்கினால் வண்டியின் வேகம் கூடும், பள்ளி போன்ற சேவைகள் எட்டும் தூரமும் நீளும்.

கைவினைஞர் படிக்கு வந்ததும் கேமின் தோற்றமே மாறிவிடும். அவர்களுக்கு ரம் வேண்டும், விலங்கு ரோமக் கோட்டு வேண்டும். கரும்பும் பருத்தியும் புதிய உலகத்தில்தான் விளையும். இன்னொரு வரைபடம், இன்னொரு மக்கள், நடுவில் கடல். கரும்புப் பண்ணை ஒன்றுக்கு ரம் ஆலை ஒன்று, நிமிடத்துக்கு 2 டன். கப்பல் போய்த் திரும்ப 25 நிமிடம் ஆனால் 50 டன்; கப்பலின் ஒரு சரக்கறை சரியாக அவ்வளவுதான் கொள்ளும். ஸ்கூனர் வகைக் கப்பலில் இரண்டு அறை, கிளிப்பர் வகையில் நான்கு. பருத்தியை அப்படியே ஏற்றாமல் அங்கேயே துணியாக்கி அனுப்புங்கள்: பண்ணை 2, பஞ்சாலை 1. இங்கே வேட்டைக் குடில் 2, கோட்டுக் கூடம் 1. கிடங்கு நிரம்பிவிட்டால் கப்பல் இறக்க முடியாத சரக்கோடு திரும்பிப் போய், அந்த அறை அடுத்த நடைக்கும் அடைபட்டுக் கிடக்கும். மிஞ்சியதைக் கடலில் கொட்டும் விருப்பத்தை வணிகப் பாதையில் இயக்கி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அடுத்து டப்பா உணவு: மாட்டுப் பண்ணை 8, மிளகாய்ப் பண்ணை 8, சமையற்கூடம் 8, டப்பா ஆலை 6, இரும்புச் சுரங்கம் 1. இதை ஒரே மூச்சில் கட்டாமல் பாதி அளவில் தொடங்குவதுதான் கஜானாவுக்கு நல்லது.

புதிய உலகத்தில் ஒரு நெருடலும் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கரும்பு, பருத்தி, காப்பித் தோட்டங்களைக் காட்டும் கேமில் அடிமை முறை என்ற ஒன்றே இல்லை.  இலங்கையின் காப்பித் தோட்டத்துக்கும் நேட்டால், மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கும் கப்பலேறிய கூலிகள் யாரென்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேமிலும் அந்த ஆட்கள் ரம்மைக் காய்ச்சி அக்கரைக்கு அனுப்பத்தான் இருக்கிறார்கள். அதைப் பற்றி கேம் வாய் திறக்காததை, வெளிவந்தபோதே விமர்சகர்கள் சுட்டினார்கள்.

பொறியாளர் காலத்தில் மின்சாரம் வரும். எண்ணெயை ரயில் பாதையில் மின் நிலையத்துக்குக் கொண்டுவந்தால் எல்லைக்குள் இருக்கும் ஆலைகளின் உற்பத்தி இரட்டிப்பாகும். ஆலை இரு மடங்கு மூலப்பொருள் கேட்கும் என்பதை மறந்து, பண்ணைகளை அப்படியே விட்டுவிட்டு 'மின்சாரம் கொடுத்தும் ஒன்றும் மாறவில்லை' என்று குழம்புவது வழக்கம். தண்டவாளத்துக்கு நகர நடுவே இடம் ஒதுக்காதவர்கள் பாதி ஊரை இடிக்க வேண்டியிருக்கும்.

குறைகள். கதைப் பகுதி சவசவ. பயிற்சிப் பாடமாக எடுத்துக்கொண்டு முடித்ததும் தனி ஆட்டத்துக்குப் போய்விடலாம். கடற்சண்டை ஒப்புக்குத்தான். கணினி ஆடும் எதிராளிகளில் எளிதானவர்களான ஒரு நட்சத்திரக்காரர்களை முதலில் எடுங்கள், பென்டே யோர்கென்சென் தங்கமான அம்மா. அலோன்சோ கிரேவ்ஸ் மூன்று நட்சத்திரம், முதல் ஆட்டத்திலேயே அவரைக் கூப்பிடாதீர்கள். மக்கள்தொகை பெருகப் பெருக ப்ராசஸர் திணறும். கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினாலும் பெரிய பயன் இருக்காது. ஸ்டீமில் வாங்கினாலும் யூபிசாஃப்ட் கணக்கு கட்டாயம். தமிழில் கிடையாது. 2023-இல் வந்த கன்சோல் பதிப்பில் கட்டுப்பாடுகளைக் கைக்கு ஏற்றபடி நன்றாகவே மாற்றியிருக்கிறார்கள், ஆனால் புள்ளிவிவரத் திரையைப் படிக்கவும் வயல் பரப்பவும் மவுஸ்தான் வசதி.

கூடுதல் தொகுப்புகள் 2019 முதல் 2022 வரை ஆண்டுக்கு மூன்றாக 12. எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி முதல் நாளே இயக்கினால் தேவைகளும் வரைபடங்களும் குவிந்து தலை சுற்றும். அடிப்படை கேமை முதலீட்டாளர் படி வரை ஒரு முறை ஆடுங்கள். பிறகு 'சங்கன் டிரஷர்ஸ்': அதில் வரும் கிரவுன் ஃபால்ஸ் தீவு அவ்வளவு பெரியது, இடப் பிரச்சினை ஏறத்தாழத் தீரும். உழவர் கணக்கு தொல்லை தந்தால் டிராக்டரும் தானியக் குதிரும் தரும் 'பிரைட் ஹார்வெஸ்ட்'. எத்தியோப்பியாவை நினைவூட்டும் நிலத்தில் வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்யும் 'லாண்ட் ஆஃப் லயன்ஸ்' தொகுப்பு மிகச் சிறந்தது, மிகக் கடினமானதும் அதுவே. 'டாக்லாண்ட்ஸ்' மட்டும் கடைசிக்கு இருக்கட்டும்: துறைமுகத்தில் மிஞ்சிய சரக்கைக் கொடுத்து வேண்டியதை வாங்கிக்கொள்ள முடிவதால், மேலே சொன்ன பாதிக் கணக்குகள் தேவையில்லாமல் போய்விடும்.