ரிம்மில் விரிசல்: வெல்டிங்கா, பழையதா, புதியதா?

பெட்ரோல் நிலையத்துக் காற்று இயந்திரத்தில் 220 கிலோபாஸ்கல் வைத்து நிரப்புவேன். மூன்றாம் நாள் பார்த்தால் 170 காட்டும். முன்பக்க இடது சக்கரம் மட்டும்தான். ஆணி குத்திய அடையாளம் எதுவும் இல்லை. ஒரு டயர்க் கடையில் வால்வை மாற்றித் தந்தார்கள், இன்னொரு கடையில் அதே வால்வை மறுபடியும் மாற்றித் தந்தார்கள். கடைசியில் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சிறு பட்டறையில் வேலை செய்யும் பையன்தான் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, அவசரப்படாமல் உருட்டிப் பார்த்தான். முன்புறத்தில் சலனமே இல்லை. பின்புறத்தைத் திருப்பியதும் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின.

"அண்ணே, டயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்போர்ட் ரிம்தான் பிளந்திருக்கிறது" என்றான். அலுமினிய அலாய் ரிம்மைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். உள்விளிம்பில் அப்பியிருந்த பிரேக் கரியைத் துணியால் துடைத்துக் காட்டினான். இரண்டு விரற்கடை நீளம், தலைமுடிக் கனம்.

எங்கே அடிபட்டது என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. முந்தைய மாதம் பழைய கிள்ளான் சாலையில், கொட்டிய மழையில், தேங்கிய நீருக்கு அடியில் இருந்த பள்ளம். ஸ்டீயரிங் வழியாக அந்த அடி தோள்வரை வந்தது. இறங்கி முன்புறம் பார்த்தேன், கீறல்கூட இல்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அதுதான் தவறு. ரிம்மின் முன்பக்கத்தை ஆரக்கால்கள் தாங்கிப் பிடிக்கின்றன. உள்விளிம்புக்கு அந்தத் துணை இல்லை, அது நீட்டிக்கொண்டு தனியே நிற்கிறது. பள்ளத்தின் ஓரம் டயரை நசுக்கி ரிம்மைத் தொடும்போது முதலில் வளைவதும் பிளப்பதும் பெரும்பாலும் அந்த இடம்தான். எனவே பள்ளத்தில் இறங்கி ஏறியவர்கள் காருக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பின்புறத்தைப் பார்க்கவேண்டும்.

என் கார் 2015ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி, 16 அங்குல ரிம். தீபாவளிக்குத் தைப்பிங் போகவேண்டும், அதாவது வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மணி நேரம். கைக்கு எட்டிய வழிகள் நான்கு: வெல்டிங் வைப்பது, பழைய அசல் ரிம் ஒன்று தேடுவது, சர்வீஸ் மையத்தில் புதியது வாங்குவது, நான்கையும் கழற்றிவிட்டு வேறு செட் போடுவது. காப்புறுதியில் கேட்கலாமே என்றார் மைத்துனர். ஐந்து ஆண்டு கோரிக்கை இல்லாமல் சேர்த்த 55 விழுக்காடு என்சிடி தள்ளுபடியை ஒற்றை ரிம்முக்காகப் பூச்சியமாக்க எனக்கு மனம் வரவில்லை.

வெல்டிங்கில் தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். எனக்குச் சொன்ன விலை 120 வெள்ளி (ரிங்கிட்), ஒரே நாளில் வேலை முடியும். ஒழுங்காகச் செய்பவர் டயரைக் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, விரிசல் முடியும் இடத்தில் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்துவார். பிறகு விரிசலை வாய்க்கால் போலக் குடைந்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, ஆர்கான் வாயுவில் டிக் வெல்டிங் வைத்து, மெதுவாக ஆறவிட்டு, டயர் உட்காரும் இடத்தை வழவழப்பாகத் தேய்ப்பார். பார்ப்பதற்குக் கச்சிதமான வேலை. காற்றும் நிற்கும்.

சிக்கல் வெல்டிங் வைத்த கோட்டில் இல்லை, அதன் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. வார்ப்பு ரிம்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 7 விழுக்காடு சிலிக்கனும் சிறிது மெக்னீசியமும் கலந்த அலுமினியம். வார்த்தெடுத்ததோடு அதற்குப் பலம் வந்துவிடுவதில்லை. 540 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, பிறகு 150 டிகிரிப் பக்கம் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். வெல்டிங் சூடு படும் இடத்தில் அந்தப் பதம் கெட்டு உலோகம் மென்மையாகிவிடும். பட்டறையில் அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. முன்பு வைத்திருந்த காரில் இதை நேரில் பார்த்தேன். வெல்டிங் வைத்து ஐந்தாம் மாதம் மறுபடி காற்று இறங்கியது. கழற்றிப் பார்த்தால் பழைய தழும்பு அப்படியே இருந்தது, அதிலிருந்து அரை அங்குலம் தள்ளிப் புது விரிசல்.

ஆகவே என் கணக்கு இது: உள்விளிம்பில் ஒரே ஒரு சிறிய விரிசல், ஊருக்குள் மட்டும் ஓடும் கார், வேறு ரிம் கிடைக்கும்வரை சில வாரம் தள்ளவேண்டும் என்றால் வெல்டிங் சரி. ஆரக்காலிலோ, நடுத் துளை அருகிலோ, நட்டு உட்காரும் துளைகளிலோ விரிசல் என்றால் எவ்வளவு கெட்டிக்கார வெல்டராக இருந்தாலும் வேண்டாம். உள்விளிம்பு விட்டால் காற்று போகும், மற்ற இடம் விட்டால் சக்கரமே போகும்.

அடுத்தது பழைய அசல் ரிம். நான் தேர்ந்தது இதைத்தான், ஆனால் இதில்தான் அதிகம் அலையவும் வேண்டியிருந்தது. முதலில் ஹாஃப்கட் கடைகளுக்குப் போனேன். ஜப்பானிலிருந்து வெட்டி வரும் கார்கள் அங்கே. நம் ஊர் ஹோண்டா ஜாஸ் ஜப்பானில் ஃபிட் என்ற பெயரில் ஓடியது, அதனால் ஃபிட் ரிம்கள் குவிந்து கிடந்தன. பொருந்தும், ஆனால் என் காரின் வடிவம் இல்லை. பிறகுதான் புத்தி வந்தது. புதுக் கார் வாங்கிய கையோடு இளைஞர்கள் அசல் ரிம்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பளபளப்பானதை மாட்டிக்கொள்கிறார்களே, அந்த ரிம்கள் எங்கே போகின்றன? கெப்போங்கில் ஒரு கடையின் பின்கட்டில் கூரைவரை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்று 250 வெள்ளி.

இங்கே அளவைப் பற்றி ஒரு வார்த்தை. "எல்லாம் நாலு நூறுதான், போடலாம்" என்பார்கள். நான்கு நட்டு, அவை அமையும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். சிட்டியும் அப்படித்தான், டொயோட்டா வியோஸும் பெரொடுவா மைவியும் அப்படித்தான். ஆனால் ஹோண்டாவின் நடுத் துளை 56.1 மில்லிமீட்டர், வியோஸுக்கும் மைவிக்கும் 54.1. வியோஸ் ரிம்மை என் காரில் மாட்டினால் ஹப்பில், அதாவது சக்கரம் உட்காரும் அச்சுக் குமிழில், ஏறாது. என் ரிம்மை மைவியில் மாட்டினால் ஏறும், ஆனால் 2 மில்லிமீட்டர் தொளதொளவென்று நிற்கும், நடுவில் வளையம் போடாவிட்டால் ஸ்டீயரிங் நடுங்கக்கூடும். ரிம்மின் பின்புறம் வார்த்திருக்கும் அகலம், ஆஃப்செட் (ஹப்பில் படியும் தளம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் தூரம்) எண்களையும் உங்கள் ரிம்மோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

பழைய ரிம்மை வாங்கும்போது டயர் மாட்டியபடியே வாங்காதீர்கள். நான் பார்த்த முதல் ரிம்மில் உள்புறம் முழுதும் பிரேக் கரி பழுப்பேறியிருக்க, ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் புது வெள்ளிப் பூச்சு மினுங்கியது. விரலை ஓட்டினால் பூச்சுக்கு அடியில் மீன் செதில் போல மேடுபள்ளம். யாரோ வெல்டிங் வைத்து மறைத்திருக்கிறார்கள். கடைக்காரரிடம் காட்டினேன். "ஓ, பாஸ், நான் பார்க்கவில்லை" என்று சிரித்துக்கொண்டே வேறொன்றை எடுத்துத் தந்தார். அதைப் பேலன்ஸிங் இயந்திரத்தில் சுற்றவிடச் சொல்லி, விளிம்பு ஆடாமல் ஓடுகிறதா என்று கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். டயர் மாட்டிய பின் சோப்பு நீர் தடவியும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பணம்.

சர்வீஸ் மையத்துப் புது அசல் ரிம்மைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நம்பகமானது, சந்தேகம் இல்லை. எனக்குச் சொன்ன விலை 900 வெள்ளிக்கு மேல், கையிருப்பு இல்லாததால் காத்திருக்கவும் வேண்டும். ஓரிரு வயதான காராக இருந்தால் நான் இதைத்தான் வாங்கியிருப்பேன். பத்து வயதுக் காருக்கு இது மிகை.

நான்கையும் மாற்றும் வழி கண்ணைக் கவர்வது. 1,200 வெள்ளிக்குப் புது செட், பழைய மூன்றையும் எடுத்துக்கொள்வார்களாம். ஒரு பல் ஆடுகிறது என்று பல்செட் கட்டுவது மாதிரி எனக்குத் தோன்றியது, இருந்தாலும் விரும்புகிறவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்கவேண்டும். ஒன்று முத்திரை. ஜேடபிள்யூஎல் என்பது ஜப்பானியத் தரத்துக்கு ஏற்பச் செய்ததாகத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்வது. விஐஏ என்பது வெளி அமைப்பு ஒன்று சோதித்துப் பதிவு செய்ததற்கான குறி. இரண்டும் இருந்தால் நல்லது, போலியாக வார்ப்பவர்களும் உண்டு என்பதால் அதுவே போதும் என்று சொல்லமாட்டேன். இரண்டாவது நட்டு. ஹோண்டாவின் அசல் நட்டின் அடிப்பகுதி உருண்டையானது. கடையில் விற்கும் ரிம்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு நட்டு வேண்டும். பழைய நட்டையே போட்டு முடுக்கினால் இறுகியது போலக் கைக்குத் தெரியும், ஓட ஓடத் தளரும்.

செட் மாற்றுவதென்றால் 15 அங்குலத்துக்கு இறங்கலாமே என்று யாரும் சொல்வதில்லை. சிட்டியின் கீழ்த்தட்டு வகைக்கு 175/65 டயருடன் 15 அங்குல ரிம்தான். கணக்குப் போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் என் 185/55, 16 அங்குலத்தைவிட ஒன்றரை மில்லிமீட்டர்தான் குறைவு. டயரின் பக்கச் சுவரோ 12 மில்லிமீட்டர் கூடுதல். பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவே நிற்பது அந்த ரப்பர்தான். கார் கொஞ்சம் மந்தமாகத் திரும்பும், பார்ப்பதற்கும் எளிமையாக இருக்கும். என் டயர்கள் இன்னும் ஓராண்டு ஓடும், அவை தேய்ந்ததும் அப்படித்தான் செய்யப்போகிறேன்.

இப்போதைக்கு 250 வெள்ளி ரிம்மோடு தைப்பிங் போய்த் திரும்பியாயிற்று. புறப்படுவதற்கு முன் ஊருக்குள் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி ஒருமுறை முடுக்கினேன். காற்று 220இலேயே நிற்கிறது.

ரிம் வாங்கிய அன்று கடைக்காரர் விரிசல் விட்டதையும் கேட்டார். "நாற்பது வெள்ளி தருகிறேன், பாஸ், வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்றார். பின்கட்டில் பார்த்த வெள்ளிப் பூச்சு நினைவுக்கு வந்தது. செந்தூல் பட்டறைக்கே அதை எடுத்துப்போய், அந்தப் பையனிடம் கிரைண்டரால் குறுக்கே இரண்டாக வெட்டித் தரச் சொன்னேன். பழைய பேப்பர் லாரிக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டு 18 வெள்ளி கொடுத்தார்.