இரண்டாம் ஆண்டில் ஆர்மி ஆர்ஓடிசி: பணம் தாராளம், அவகாசம் குறைவு

அமெரிக்கக் கல்லூரிகளில் பட்டப்படிப்போடு சேர்த்தே ராணுவ அதிகாரிக்கான பயிற்சி தரும் ஆர்ஓடிசி, 1916-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது. முதலாண்டிலேயே சேராவிட்டால் அவ்வளவுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் சோஃபமோர்களை, அதாவது இரண்டாம் ஆண்டு மாணவர்களை, சேர்ப்பதற்கென்றே வழிகள் வைத்திருக்கிறார்கள். முதலாண்டு மாணவருக்குக் கிடைக்கும் அவகாசம்தான் கிடைக்காது. திட்டத்தின் குறைகள் பெரும்பாலும் அங்கிருந்தே கிளம்புகின்றன. கடற்படைக்கும் விமானப்படைக்கும் விதிகள் வேறு. இங்கே பேசுவது ஆர்மி, அதாவது தரைப்படைப் பிரிவை மட்டும்.

ராணுவப் பாடங்கள் எம்எஸ்-1 முதல் எம்எஸ்-4 வரை, வருடத்துக்கு ஒன்று. முதல் இரண்டும் அடிப்படைப் படிப்பு, பின் இரண்டும் மேல்நிலை. மேல்நிலைக்குப் போக அடிப்படை முடிந்திருக்க வேண்டும். சோஃபமோருக்கு இரண்டு வழி: எம்எஸ்-1, எம்எஸ்-2 இரண்டையும் ஒரே வருடத்தில் சேர்த்துப் படிப்பது, அல்லது இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில் சுமார் ஒரு மாதம் நடக்கும் பேசிக் கேம்ப் போவது. ஆகஸ்டில் சேர்பவர் முதல் வழியையும், ஜனவரியில் சேர்பவர் கேம்பையும் எடுப்பது நல்லது. கேம்பில் துப்பாக்கிச் சுடுதல், வரைபடமும் காம்பஸும் வைத்து வழி கண்டுபிடித்தல், கண்ணீர்ப்புகை அறை, ரக் என்ற முதுகுப்பை சுமந்த நடை எல்லாம் உண்டு. பயணம், சாப்பாடு, தங்குமிடம் அவர்கள் செலவு. முடித்த பிறகும், ராணுவத்தில் பணியாற்றக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயமில்லை. மொத்தத் திட்டத்திலும் மிக நேர்மையான பகுதி இதுதான்.

சேர்வதற்குக் கடைத்தெருவில் இருக்கும் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போகக் கூடாது. அங்கே சிப்பாய்களைத்தான் சேர்ப்பார்கள். கேம்பஸ் பட்டாலியனில், அதாவது கல்லூரியில் ஆர்ஓடிசியை நடத்தும் பிரிவில், ஆர்ஓஓ என்று ஒரு சேர்க்கை அதிகாரி இருப்பார், அவரைப் பார்க்க வேண்டும். உங்கள் கல்லூரியில் பட்டாலியன் இல்லையென்றால் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துகொள்ளலாம். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு வண்டி மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கையில் வரும் காகிதம் 104-ஆர் படிவம். பட்டம் வாங்கும் வரை ஒவ்வொரு செமஸ்டரும் என்னென்ன பாடம், எத்தனை கிரெடிட் என்று நிரப்பி, படிப்பு ஆலோசகரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மேல்நிலைப் படிப்புக்கு நான்கு செமஸ்டர் மீதமிருக்க வேண்டும் என்பதால்தான் இந்தக் கணக்கு. பள்ளியிலேயே ஏபி என்ற கல்லூரி நிலைப் பாடங்களில் எடுத்த கிரெடிட்களால் மூன்றரை வருடத்தில் முடித்துவிடும் மாணவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் இன்னொரு மைனர் (துணைப்பாடம்) சேர்த்துப் படிப்பை நீட்டுவது வழக்கம். எஞ்சினியரிங் மாணவர்களுக்குப் பிரச்சினை வேறு மாதிரி: முன்தேவைப் பாடம் வசந்த செமஸ்டரில் மட்டும் நடக்கும், படிவத்தில் இலையுதிர் காலத்தில் போட்டிருப்பார்கள், படிவம் திரும்பி வரும்.

ஆனால் ஆளைக் கவிழ்ப்பது மெடிக்கல்தான். ஆர்ஓடிசி வகுப்பிலும் லேப் எனப்படும் செய்முறைப் பயிற்சியிலும் கலந்துகொள்ளச் சாதாரண டாக்டர் சான்றிதழ் போதும். ஒப்பந்தம் போட டாட்மெர்ப் என்ற பாதுகாப்புத்துறை மருத்துவ வாரியத்தின் அனுமதி வேண்டும். 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்த வரலாறு தகுதிநீக்கம். கடந்த 24 மாதங்களில் ஏடிஎச்டி என்ற கவனக்குறைபாட்டுக்கு மாத்திரை எழுதித் தந்திருந்தாலும், லேசிக் கண் அறுவை செய்து 180 நாள் ஆகாவிட்டாலும் அப்படியே. சளி இருமலுக்கு எப்போதோ ஒரு டாக்டர் எழுதித் தந்த இன்ஹேலர்கூட விளக்கம் கேட்க வைக்கும். தகுதியில்லை என்று கடிதம் வந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள், அது முடிவல்ல. விதிவிலக்குக்கு பட்டாலியன் வழியாக விண்ணப்பிக்கலாம். பழைய மருத்துவக் குறிப்புகள், நுரையீரல் சோதனை முடிவு எல்லாம் கேட்பார்கள், மாதக்கணக்கில் இழுக்கும். முதலாண்டு மாணவரால் அந்த இழுவையைத் தாங்க முடியும், சோஃபமோரால் முடியாது. ஆகவே சேர்ந்த முதல் வாரமே டாட்மெர்ப் கணக்கைத் திறக்கச் சொல்லி ஆர்ஓஓவை நச்சரியுங்கள். மறைத்தால் பிறகு பொய் சொன்னதாகும், அதற்கு விதிவிலக்கு வாங்குவது கடினம்.

பணத்தில் குறை சொல்ல அதிகமில்லை. ஸ்காலர்ஷிப் கிடைத்தால் முழு டியூஷனும் கட்டணமும், அல்லது அதற்குப் பதிலாக உச்சவரம்புக்கு உட்பட்டு விடுதி, சாப்பாட்டுச் செலவு. புத்தகத்துக்கு வருடம் 1,200 டாலர். படிக்கும் மாதங்களில் மாதம் 420 டாலர் உதவிப்படி. மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேறு உதவித்தொகை டியூஷனை ஏற்கெனவே கட்டுகிறதென்றால் விடுதிச் செலவைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஸ்காலர்ஷிப்புக்கு ஜிபிஏ (மதிப்பெண் சராசரி, 4.0-க்கு) 2.5 வேண்டும், ஸ்காலர்ஷிப் இல்லாத ஒப்பந்தத்துக்கு 2.0. கேம்பஸ் வழியாகத் தரப்படும் மூன்றாண்டு ஸ்காலர்ஷிப் அந்த வருடத்து நிதியைப் பொறுத்தது. வாய்ச்சொல்லை நம்பி விடுதி முன்பணம் கட்டாதீர்கள், எழுத்தில் வரட்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பிரசுரங்களில் பெரிய எழுத்தில் இருக்காது. நான்காண்டு ஸ்காலர்ஷிப் வாங்கிய முதலாண்டு மாணவர், இரண்டாம் ஆண்டு தொடங்கும் முன் எந்தக் கடமையும் இல்லாமல் விலகிவிடலாம். ஸ்காலர்ஷிப்போடு வரும் சோஃபமோருக்கு அந்தச் சலுகை கிடையாது; கையெழுத்துப் போட்ட அன்றே கட்டுப்பட்டவர். மொத்தக் கடமை எட்டு ஆண்டு: வழக்கமாக நான்கு ஆண்டு முழுநேரப் பணி, மீதி ரிசர்வ் என்ற காத்திருப்புப் படையில். அல்லது எட்டும் நேஷனல் கார்டு என்ற மாநிலப் படையிலோ ரிசர்விலோ பகுதிநேரமாக. நடுவில் விட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம், சாதாரணச் சிப்பாயாகவும் அழைக்கலாம். மனம் உறுதியாகவில்லையென்றால் ஒரு செமஸ்டர் ஸ்காலர்ஷிப் இல்லாமல் இருந்து பாருங்கள். ஒரு தவணைப் பணம் போகும், போகட்டும்.

உடற்தகுதித் தேர்வு 2025 ஜூன் முதல் ஏஎஃப்டி (ஆர்மி ஃபிட்னஸ் டெஸ்ட்). ஐந்து பகுதி, ஒவ்வொன்றிலும் 60 புள்ளி, மொத்தம் 300 குறைந்தபட்சம். ஜிம்முக்குப் போகிறவர்களும் தடுமாறும் இடம் புஷ்-அப்: நெஞ்சு தரையில் பட்டபின் இரு கைகளையும் பக்கவாட்டில் முழுக்க நீட்டி, திரும்பக் கொண்டுவந்து எழ வேண்டும். உடம்பு வளைந்தால் அந்த எண்ணிக்கை சேராது. அதற்கடுத்துத் தொல்லை 90 பவுண்டு சறுக்குப் பலகையை இழுத்து, 40 பவுண்டு கெட்டில்பெல் இரண்டைத் தூக்கி ஓடுவது. ஓட்டப் பயிற்சி மட்டும் போதாது.

சீருடை, ரக், தூக்கப்பை எல்லாம் தருவார்கள், தொலைத்தால் பணம். செமஸ்டருக்கு ஒரு வார இறுதி காட்டுப்பயிற்சி இருக்கும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: எம்ஆர்ஈ உணவுப் பொட்டலத்தில் 24 வகை, அதில் நான்குதான் சைவம். வரிசையில் பின்னால் நின்றால் மாட்டிறைச்சிதான் மிஞ்சும். முன்கூட்டியே பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு. அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் ஒப்பந்தம் கிடையாது. கிரீன் கார்டு போதாது, எஃப்-1 மாணவர் விசாவுக்குப் பேச்சே இல்லை. அதிகாரியாக ரகசியத் தகவல் அனுமதி வேண்டும், அதற்கு எஸ்எஃப்-86 படிவம். பத்து வருட முகவரிகள், ஏழு வருட வெளிநாட்டுப் பயணங்கள், நெருங்கிய தொடர்பில் உள்ள வெளிநாட்டு உறவினர்கள், உங்கள் பெயரில் அங்கே இருக்கும் சொத்து எல்லாம் எழுத வேண்டும். சென்னைப் பாட்டி தடையல்ல. பாட்டியை எழுதாமல் விடுவதுதான் தடை. பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து ஒவ்வொரு ஊர்ப் பயணத்தின் தேதியையும் இப்போதே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை விஷயத்தைப் பட்டாலியனில் யாரும் சொல்லமாட்டார்கள், அது அவர்கள் வேலையும் அல்ல. வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவருக்கோ ஓய்வு பெற்றவருக்கோ ஓசிஐ வழங்குவதில்லை என்பது இந்திய அரசின் விதி. ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவர், கையெழுத்துக்கு முன்பே இந்தியத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.