ஊட்டிக் கடைகளில் விற்கும் ‘சுகர் பொடி’: எதை வாங்கலாம், எதை விடலாம்

ஊட்டி சேரிங் கிராஸிலிருந்து கமர்ஷியல் ரோடு வழியாக மார்க்கெட் வரை, தைலமும் சாக்லேட்டும் வர்க்கியும் விற்கிற கடைகளிலேயே சுகருக்கான மூலிகையும் கிடைக்கிறது. பெரும்பாலும் மூன்று வகை: ஏழு சரக்கு சேர்ந்த கலவைப் பொடி, தனிச் சிறுகுறிஞ்சான் பொடி, ‘எக்ஸ்ட்ராக்ட்’ காப்ஸ்யூல். “இரத்தக் குழாய்களைப் பாதுகாக்கும்” என்ற வரியை இப்போது இவற்றின் அட்டையில் பார்க்க முடிகிறது. ஏற்கெனவே சுகர் இருப்பவர்கள் அந்த வரியை நம்பித்தான் காசு கொடுக்கிறார்கள். அதனால் முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

சர்க்கரை தொடர்ந்து ஏறியே இருந்தால் குழாயின் உள்சுவரில், குழாயை விரிய வைக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறையும். விரிய வேண்டிய நேரத்தில் குழாய் விரியாது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் கால் நரம்பிலும் சேதம் சத்தமில்லாமல் தொடங்கும். மூலிகைச் சாறு (எக்ஸ்ட்ராக்ட்) இதைத் தடுக்கிறது என்பதற்கான சோதனைகளில் பெரும்பகுதி எலியில் நடந்தவை. ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டு எலிக்குச் சர்க்கரை நோய் வரவழைப்பார்கள். சில வாரம் சாறு கொடுத்தபின் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனியைச் சிறு வளையங்களாக வெட்டி, குழாயைத் தளர்த்தும் அசிட்டைல்கோலின் விட்டால் எவ்வளவு தளர்கிறது என்று அளப்பார்கள். மதிக்க வேண்டிய வேலைதான். ஆனால் அளவைக் கணக்குப் போடுங்கள். எலிக்கு உடல் எடை கிலோவுக்கு 200 மி.கி. சாறு கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எலி அளவை மனித அளவாக்க வழக்கமாகச் செய்வதுபோல 6.2 ஆல் வகுத்தால் கிலோவுக்கு 32 மி.கி.; 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினம் சுமார் 1.9 கிராம் சாறு. பத்து கிராம் இலையில் ஒரு கிராம் சாறு இறங்கினால், அது 19 கிராம் பொடிக்குச் சமம். அட்டையில் போட்டிருப்பதோ காலை, மாலை ஒரு டீஸ்பூன். இரண்டும் சேர்ந்தால் ஐந்து கிராம்கூட ஒழுங்காக வராது. அதற்காகப் பொடியை நாலு மடங்காக்கிக் குடிக்கவும் கூடாது; வயிறும் கல்லீரலும் தாங்க வேண்டுமே.

கலவைப் பொடியின் சரக்குப் பட்டியல், சுகருக்கான சித்தக் கஷாயமான ஆவாரைக் குடிநீரை ஒட்டியது: ஆவாரை, கொன்றை, கடலழிஞ்சில், நாவல், மருதம்பட்டை, கோரைக்கிழங்கு, கோஷ்டம். சித்த மருத்துவத்தில் நல்ல பெயருள்ள மருந்துக் கலவைதான், குறை செய்முறையில். குடிநீர்ச் சரக்கு ஒன்றிரண்டாக இடித்திருக்க வேண்டும். கொதிக்க வைத்து, வற்ற வைத்து, வடிகட்டிக் குடிப்பது. இங்கே மாவாக அரைத்து, “வெந்நீரில் கலந்து குடிக்கவும்” என்று போட்டிருக்கிறார்கள். மருதம்பட்டையும் கடலழிஞ்சிலும் கட்டைச் சரக்கு. ஒரு டம்ளர் வெந்நீரில் அவற்றின் சத்து சரியாக இறங்காது. அடியில் சேறாகத் தங்கும், தொண்டையில் அறுக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம்; தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் சொல்கிற பத்து நிமிடக் கணக்கு இங்கே போதாது. கடிகாரத்தை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள்: 240 மி.லி. வைத்து 60 மி.லி. ஆகும்வரை சிறு தீயில் வற்ற வையுங்கள்.

அட்டையில் ‘ஊட்டி மலை மூலிகை’ என்று வேறு. ஆவாரை வறண்ட சமவெளிச் செடி. அது பூத்துக் கிடப்பதைப் பார்க்க மேட்டுப்பாளையம் பக்கம் இறங்க வேண்டும். மலைக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

மூன்றில் வாங்கலாம் என்று சொல்லக்கூடியது தனிச் சிறுகுறிஞ்சான் பொடி. காரணம், கடையிலேயே சோதித்துவிடலாம். அரை டீஸ்பூன் பொடியை நாக்கு முழுக்கப் படும்படி ஒரு நிமிடம் வைத்திருந்து, துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு, கொஞ்சம் சீனி போடுங்கள். இனிப்பே தெரியாமல் மணல் மாதிரி நறநறக்க வேண்டும். இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் இனிப்புச் சுவையை அரை மணி நேரம் போல மறைக்கும். சீனி லேசாக இனித்தால் சரக்கு பழசு. நன்றாக இனித்தால் வேறு ஏதோ இலை. நல்ல பொடி மங்கிய பச்சையாகவும் கசப்பாகவும் இருக்கும். பழுப்பேறியதை வாங்க வேண்டாம். இந்த இலையின் சாறு பற்றி 1990-ல் வெளிவந்த சென்னை ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 22 பேர் வழக்கமான மாத்திரையோடு தினம் 400 மி.கி. எடுத்தார்கள். 18 முதல் 20 மாதத்தில் சர்க்கரையும் ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும்) அளவும் இறங்கின. சிறிய ஆய்வுதான், இரத்தக் குழாய்க்கான சான்றாகவும் அதைக் காட்ட முடியாது.

காப்ஸ்யூலில் ‘எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி.’ என்று மட்டும் இருந்தால் வேண்டாம். ஜிம்னிமிக் அமிலம் எத்தனை சதவீதம் என்று இருக்க வேண்டும். 25 சதவீதம் பரவலாகக் கிடைப்பது. சந்தேகமிருந்தால் ஒன்றைப் பிரித்து நாக்கில் கொட்டி அதே சீனிச் சோதனையைச் செய்யுங்கள். சிறுகுறிஞ்சானால் கல்லீரல் பாதித்ததாக மருத்துவப் பதிவு உண்டு. கண் மஞ்சளாகவோ சிறுநீர் அடர்நிறமாகவோ தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இவற்றில் எதையும் தொடக் கூடாது. லோ சுகர் ஆகிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்து மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. கலவைப் பொடி குடிப்பவர்கள் சீனியை நம்பாமல் குளுக்கோஸ் பொடியே வைத்திருங்கள்: சீனியை உடைக்கும் குடல் நொதியைக் கடலழிஞ்சில் தடுக்கும், அகார்போஸ் மாத்திரை மாதிரி. சிறுகுறிஞ்சான் சாப்பிட்டவருக்கு அந்த நேரத்தில் எதுவும் இனிக்காது. இனிக்கவில்லை என்று துப்பிவிடாமல் விழுங்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். குழாய்களுக்காகக் கவலைப்படுபவர்கள் பிரஷரையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைத்து, வருடம் ஒருமுறை சிறுநீர் ஆல்புமினும் (சிறுநீரில் கசியும் புரதம்) விழித்திரையும் பார்த்துவிடுங்கள். புகை பிடித்தால் எந்தப் பொடியும் ஈடுகட்டாது.

பாக்கெட்டின் பின்பக்கம் சித்த மருந்து உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, ஒவ்வொரு சரக்கின் அளவு எல்லாம் இருக்க வேண்டும். 14 இலக்க உணவு உரிம எண்ணை மட்டும் போட்டுக்கொண்டு ‘சர்க்கரை நோய் தீரும்’ என்று எழுதியிருந்தால் அது சட்டத்துக்குப் புறம்பானது. 1954-ம் ஆண்டு மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது. ஜூன் முதல் மழை முடியும்வரை 100 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். ஊட்டி ஈரத்தில் பிளாஸ்டிக் கவரில் விட்டால் கட்டி தட்டிப் பூஞ்சை பிடிக்கும். இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ஈரமில்லாத ஸ்பூனால் எடுங்கள். கட்டி தட்டியதை இடித்துச் சலித்துப் பயன்படுத்த வேண்டாம், கொட்டிவிடுங்கள்.