வீட்டில் மிக்ஸட் மீடியா காகித வேலை: மழைக்காலம் தாண்டிய பிறகு எது நிற்கிறது?

தாள், துணி, பெயின்ட், அச்சுப் படம் என்று பலவற்றை ஒரே பக்கத்தில் சேர்ப்பதுதான் மிக்ஸட் மீடியா. செய்து முடித்த அன்று எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஒன்றைத் தாண்டிய பிறகு அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் எந்தப் பொருள் காசுக்குப் பெறும் என்று தெரியும். அந்தக் கணக்கில் செலவு செய்ய வேண்டியது முதலில் தாளுக்கு, அடுத்தது பசைக்கு. பெயின்ட், மினுக்குப் பொடி, ஸ்டிக்கர் எல்லாம் அப்புறம்தான்.

75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஜெராக்ஸ் தாள் ஒட்டுவதற்கு நல்லது, அடித்தளத்துக்கு ஆகாது. சார்ட் அட்டை ஒரு கோட் தாங்கும். ஈரம் காயும் முன் இரண்டாவது கோட் போட்டால் மேல்தோல் திரிதிரியாக உரியும். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள் போதுமானது, விலை குறைந்த ரகமே பரவாயில்லை. கையால் செய்த தாள் என்றால் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் பேனா மை பரவும். அப்படியானால் மெல்லிசாக ஒரு கோட் ஜெஸ்ஸோ (பெயின்டுக்கு முன் அடிக்கும் வெள்ளை அடிப்பூச்சு) அடித்தபின் வேலையைத் தொடங்க வேண்டும்.

அதிகம் பேர் கைவிடுவது தாள் வளைந்துபோவதால்தான். ஈரம் பட்ட தாள் விரியும், காயும்போது சுருங்கும். மேலே ஒட்டிய தாள் சுருங்கும்போது அடித்தாளையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. விரிவது பெரும்பாலும் தாளிலுள்ள இழைகள் ஓடும் திசைக்குக் குறுக்கே. இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறிய, ஒரு துண்டைக் கிழித்தால் போதும்: நேராகக் கிழிவது இழையின் திசை. செய்தித்தாள் மேலிருந்து கீழே நேராகக் கிழியும், குறுக்கே கோணல்மாணலாகப் போகும். இரண்டு தாளின் இழையும் ஒரே திசையில் இருக்கும்படி ஒட்டுங்கள். பசை தடவியதும் ஒட்டாமல், ஒரு நிமிடம் விட்டுத் தாள் விரிந்து முடிந்தபின் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் குமிழி வராது. பின்பக்கமும் அதே கனமுள்ள தாளை ஒட்டிவிட்டால் இழுவை சமமாகிவிடும். பிறகு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து இரவு முழுக்கப் பாரம் ஏற்ற வேண்டும். ஹேர் டிரையர் பிடித்து அவசரப்படுத்தினால் ஓரம் முந்திக் காய்ந்து சுருண்டுகொள்ளும்.

பசையில் வெள்ளை பிவிஏ பசையே (ஃபெவிகால் போன்றது) போதும். டிஷ்யூ தாளுக்கு இரண்டு பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர். சேலைக்கரை, ஜரிகைத் துண்டு போன்றவற்றுக்குத் தண்ணீர் கலக்கவே கூடாது. நீர்த்த பசை துணியின் முகப்புவரை ஊறிக் கறையாக நின்றுவிடும். மைதாப் பசை வழவழப்பாக, நகர்த்தி ஒட்ட வசதியாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் காகிதம் அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. பைண்டிங் செய்பவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பது அதற்காகத்தான். அது விஷம், குழந்தைகள் புழங்கும் மேசையில் வேண்டாம்.

அச்சிட்ட படத்தை மட்டும் தாளிலிருந்து அடித்தளத்துக்குப் பெயர்ப்பதுதான் இந்த வேலையிலேயே சுவாரஸ்யமான பகுதி. ஜெராக்ஸ் அல்லது லேசர் பிரின்ட் மட்டுமே எடுங்கள். அதன் கரிப்பொடி (டோனர்) பிளாஸ்டிக் கலந்தது, தண்ணீருக்கு அசையாது. இங்க்ஜெட் மை பெரும்பாலும் கரைந்து ஓடிவிடும். எழுத்து இருந்தால் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிட வேண்டும். அடித்தளத்தில் ஜெல் மீடியம் (நிறமில்லாத கெட்டியான அக்ரிலிக் பூச்சு) சீராகத் தடவி, பிரின்ட்டைக் குப்புற வைத்து, பழைய ஏடிஎம் அட்டையால் காற்றை வழித்துவிட்டு, மறுநாள்வரை தொடாதீர்கள். பிறகு ஈரப் பஞ்சால் நனைத்து விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் தாள் நூல்நூலாகத் திரண்டு வரும். அழுத்தினால் படமும் சேர்ந்து வந்துவிடும். காய்ந்ததும் வெள்ளை மூட்டம் தெரிந்தால், அது மிச்சமிருக்கும் காகித நார். இன்னொரு முறை நனைத்துத் தேய்த்து, மேலே மெல்லிசாக மீடியம் பூசினால் பெரும்பாலும் மறைந்துவிடும். அதே பூச்சுக்கு வெள்ளைப் பசையைப் பயன்படுத்தினால், ஈரம் பட்டபோது அது மறுபடி இளகிப் பால்போல் வெளுக்கும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஜெல் மீடியத்துக்கான காசு தகும்.

ஆயில் பேஸ்டல் எப்போதும் கடைசி. அதன்மேல் அக்ரிலிக் அடித்தால் பிடிக்காமல் செதில்செதிலாக உதிரும். நிஜச் செய்தித்தாள் ஒட்டினால் அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காரணமாகப் பழுப்பேறும். பழமைத் தோற்றம் வேண்டாதவர்கள் அதை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டலாம். கடையில் வாங்கும் ஜெஸ்ஸோவுக்குப் பதிலாக டால்கம் பவுடர், பசை, வெள்ளை பெயின்ட் கலந்த கலவை பயிற்சிக்குச் சரி. கெட்டியாகப் போட்டால் தாள் வளையும்போது விரிசல் விடும்.

அக்ரிலிக் அடித்த பக்கங்கள் தொட்டுப் பார்த்தால் காய்ந்திருந்தாலும், வெப்பத்திலும் ஈரத்திலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் ஒரு பக்கத்தின் நிறம் அடுத்ததில் உரிந்து வரும். நோட்டாகச் செய்திருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் பட்டர் பேப்பர் வைத்து, படுக்கப்போட்டு அடுக்காமல் நிறுத்தி வையுங்கள்.