வவுனியாவில் ஆறு மாதத் தொழில்சார் பாதுகாப்பு டிப்ளோமா: படித்து முடித்த ஒருவரின் மதிப்பீடு

வவுனியா நகரிலுள்ள தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில், தொழில்சார் பாதுகாப்பும் சுகாதாரமும் என்ற பாடத்துக்காகச் சனி, ஞாயிறு நாட்களில் நடத்தப்படும் ஆறு மாத டிப்ளோமா வகுப்பை முடித்து, அதன் தொடர்ச்சியாக நெபோஷ் என்ற பிரித்தானியத் தேர்வு அமைப்பு வேலைத்தளப் பாதுகாப்புக்காக நடத்தும் சர்வதேசப் பொதுச் சான்றிதழ்த் தேர்வையும் எழுதியிருக்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களிலிருந்து இந்த வகுப்பைப் பற்றி என்னிடம் விசாரிக்கும் பிள்ளைகள் கூடி வருவதால், கேட்போர் எல்லோருக்கும் ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போகும் குறைகளில் பல அந்த ஒரு நிலையத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை வேறிடங்களில் படித்தவர்களோடு பேசி அறிந்துகொண்டேன். ஆகவே அதன் பெயரைக் குறிப்பிடவில்லை.

நான் முகமாலையில் ஏழு ஆண்டுகள் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தவள். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது; அதன்படி நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க வேண்டிய தவணை 2028 ஜூன் 1. வேலை முடிவது மண்ணுக்கு நல்லது என்றாலும், அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெண்கள் அடுத்து எங்கே போவது என்ற கேள்வி எங்கள் அணியில் நாளும் பேசப்பட்டது. ஒவ்வொரு காலையும் வேலைக்கு முன் விளக்கக் கூட்டம், முகக் கவசத்தையும் மார்புக் கவசத்தையும் ஒருவர் மற்றவருக்குச் சரிபார்ப்பது, துப்புரவான நிலத்துக்கும் துப்புரவாகாத நிலத்துக்கும் நடுவே குறிகம்பு நடுவது, காயமடைந்தவரைத் தூக்கிச் செல்லும் ஒத்திகை ஆகியவை எங்களுக்குப் பல் துலக்குவதைப் போலப் பழகிப்போனவை. இந்தப் பழக்கமே ஒரு தொழிலாகும் என்று கேள்விப்பட்டுத்தான் வகுப்பில் சேர்ந்தேன். அங்கிருந்த பதினெட்டுப் பேரில் ஐந்து பேர் என்னைப் போலவே வெடி வயலிலிருந்து வந்தவர்கள்.

டிப்ளோமாவுக்கான கட்டணம் எங்கள் இரண்டு மாதச் சம்பளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. அதை மூன்று தவணைகளில் செலுத்த விட்டார்கள். தவணை பிந்தியபோது யாரையும் வகுப்பிலிருந்து எழுப்பியதில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்ய வேண்டும். நேர ஒழுங்குதான் சிரமம். காலை எட்டரைக்கு வகுப்புத் தொடங்கும். பளையிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் வருபவர்கள் இருட்டோடு பஸ் ஏற வேண்டும். கண்டி வீதியில் வருபவர்களாவது சமாளிக்கலாம். முல்லைத்தீவின் உள்ளூர்களிலிருந்து வருபவர்கள் வெள்ளிக்கிழமை இரவே வவுனியாவில் தங்க இடம் பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் மாதம் சட்டப் பாடத்தில் போனது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவகத்தை உருவாக்கிய 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் ஆகிய மூன்றையும் விரிவுரையாளர் பொறுமையாக நடத்தினார். சுழலும் இயந்திரப் பாகத்துக்கு மறைப்பு இருக்க வேண்டும் என்பது முதலாளியின் தயவு அல்ல, எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் சட்டம் என்று தெரிந்தபோது வகுப்பில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் தொழிற்சாலைகளுக்கென்று எழுதப்பட்ட அந்தச் சட்டம் வயல் வேலைக்குப் பொருந்தாது என்பதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார். எங்கள் ஊரில் பெரும்பாலானோர் வேலை செய்வது வயலில். மருந்து அடிப்பவருக்கும், சேற்றில் நின்று எலிக்காய்ச்சலுக்கு ஆளாகிறவருக்கும் எந்தக் காவல் உண்டு என்ற கேள்விக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

செய்முறைப் பயிற்சிதான் இந்த வகுப்பின் பலம். நிலையத்தின் பின்வளவில் தட்டில் டீசல் ஊற்றி எரியவிட்டு, ஒவ்வொருவரும் காற்று முதுகுப் பக்கம் வரும்படி நின்று, நுரைக் கருவியால் அணைக்க வைத்தார்கள். படம் காட்டி முடித்துவிடும் வகுப்புகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்ததால் இது எனக்குப் பெரிய விடயமாகப் பட்டது. அதைவிடவும் பயன்பட்டது பூட்டும் அட்டையும் வைக்கும் பயிற்சி. இயந்திரத்தைத் திருத்தப் போகிறவர் மின் ஆளியை நிறுத்தி, தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பிறகு ஆளியை அழுத்தி இயந்திரம் உண்மையாகவே ஓடவில்லை என்று பார்த்த பின்பே கை வைக்க வேண்டும். இரண்டு பேர் திருத்தினால் இரண்டு பூட்டுகள். என் மாமா ஒருவர், நெல் ஆலையில் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்த வேளையில் வேறொருவர் ஆளியைப் போட்டதால் வலது கையில் மூன்று விரல்களை இழந்தவர். ஒரு சிறிய பூட்டு தடுத்திருக்கக்கூடியதை இருபது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் விதி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது அன்று பின்னேரம் பஸ்ஸில் திரும்பும்போது நெஞ்சை அடைத்தது.

ஒடுங்கிய இடங்களில் வேலை செய்வது பற்றிய பாடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வகுப்பின் சிறப்பும் குறையும் அந்த ஒரு நாளில் சேர்ந்தே தெரிந்தன. திரையில் வந்த படங்கள் எல்லாம் எண்ணெய்த் தாங்கிகள், கப்பல் அறைகள், நகரத்துக் கழிவுநீர்க் குழாய்கள். சாதாரணக் காற்றில் ஒட்சிசன் 20.9 சதவீதம், அது 19.5க்குக் கீழே இறங்கினால் உள்ளே போகக் கூடாது என்று எழுதிக்கொண்டோம். அப்போது துணுக்காயிலிருந்து வந்த தம்பி ஒருவர் எழுந்து, "சேர், எங்கட ஊரில இது கிணறுதானே?" என்று கேட்டார். கோடையில் கிணறு இறைத்துத் தூர் வாருவதற்காக, குழாய் எட்டாது என்று மண்ணெண்ணெய் எஞ்சின் பம்பையே கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி ஓடவிடும் வழக்கம் வன்னியில் எவருக்கும் தெரிந்ததே. எஞ்சின் கக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; காற்றோட்டம் இல்லாத கிணற்றுக்குள் அது நிறைந்து நிற்க, எஞ்சினை நிறுத்த இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்கிய தம்பியும் விழுவார், மூன்றாவதாக அயலவர் இறங்குவார். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கை அறிக்கையில், இத்தகைய இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்களே என்று உள்ளது. அந்தக் கணக்கைச் சொன்னபோது வகுப்பில் யாரும் அசையவில்லை.

விரிவுரையாளர் நல்ல மனிதர். வளைகுடாவில் பல ஆண்டுகள் வேலை செய்த பொறியியலாளர். தன் குறிப்பில் இல்லாத கேள்வி என்று அதை ஒதுக்காமல், திரையை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கிணற்றைப் பற்றியே பேசினார். எஞ்சின் மேலே நிற்க வேண்டும் அல்லது மின்பம்பு பாவிக்க வேண்டும், இறங்குபவரின் உடலில் கயிறு கட்டி மேலே இருவர் நிற்க வேண்டும், மயங்கியவரைக் கயிற்றால் மேலிருந்தபடியே இழுக்க வேண்டும், காற்றைச் சோதிக்காமல் எவரும் பின்னால் இறங்கக் கூடாது என்று வரிசைப்படுத்தித் தந்தார். ஆனால் சோதிக்கும் வாயு அளவி நிலையத்தில் இல்லை. அதன் படத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம். இவ்வளவு கட்டணம் வாங்கும் நிலையம் ஒரே ஒரு கருவியையாவது வாங்கி மாணவர் கையில் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று கருத்துப் படிவத்திலும் எழுதிக் கொடுத்தேன்.

மொழி பற்றி என் குறை இதைவிடப் பெரிது. குறிப்புகள் முழுவதும் ஆங்கிலத்தில். விளக்கம் பாதி தமிழில். தேர்வுக்கு ஆங்கிலம் வேண்டும், கற்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் பாதுகாப்பு அலுவலராகப் போகிறவர் நாள் முழுதும் பேசப்போவது மூட்டை சுமப்பவரோடும் மேசனோடும் தையல் இயந்திரத்தில் இருக்கும் பிள்ளையோடும் அல்லவா? 'ஹசார்ட்', 'ரிஸ்க்' என்ற இரண்டு சொற்களின் வேறுபாட்டை மூன்று வாரம் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தோம். இரண்டையும் ஆபத்து என்றே சொல்லிப் பழகிய ஒருவருக்கு அதை எப்படிப் புரியவைப்பது என்று ஒரு நாளும் பயிற்சி தரப்படவில்லை. மறைப்பில்லாமல் ஓடும் பெல்ட் ஆபத்து. அதனருகில் தாவணியோடு நாளுக்கு நாற்பது தடவை ஒருத்தி கடந்து போவதால், அது அவளை இழுத்துவிடக் கூடிய வாய்ப்பும் இழுத்தால் நேரும் சேதமும் சேர்ந்ததே இடர் என்று நானாகத்தான் சொற்களைத் தேடிக்கொண்டேன். வெடி வயலில் எங்கள் காலைக் கூட்டம் முழுவதும் தமிழில் நடந்தது. நாங்கள் ஏழு ஆண்டுகள் கால் கையோடு வீடு திரும்பியதில் அந்தத் தமிழுக்கும் பங்குண்டு என்று உறுதியாக நம்புகிறேன். இறுதி மதிப்பீட்டில் தொழிலாளருக்குப் பத்து நிமிடம் தமிழில் விளக்கம் சொல்லும் பகுதி ஒன்றைச் சேர்த்தால் இந்த வகுப்பின் தரமே உயரும்.

எடுத்துக்காட்டுகளும் இப்படியே பாலைவனம் நோக்கிப் போயின. கட்டாரில் 2021 முதல் ஜூன் 1 தொடக்கம் செப்டம்பர் 15 வரை முற்பகல் 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை செய்யத் தடை என்பதைப் படித்தோம், நல்லது. அதே மாதங்களில் ஆனையிறவு உப்பளத்தில், கண் கூசும் வெண்மையின் நடுவே நிற்பவருக்கு நீரும் நிழலும் ஓய்வும் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கைச் செய்து பார்க்கவில்லை. முல்லைத்தீவில் கடலட்டைக்குச் சுழியோடும் இளைஞர்கள் வேகமாக மேலே வந்து வாதம் பிடித்ததுபோல் முடங்குவது ஏன் என்பதும், பரந்தனில் ஒரு காலத்தில் குளோரின் தயாரித்த தொழிற்சாலை இருந்த ஊரில் வாயுக் கசிவை எப்படி விளக்குவது என்பதும் பாடத்தில் இடம்பெறவில்லை.

நெபோஷ் தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1979இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. சான்றிதழ் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதும் தேர்வு: ஒரு வேலைத்தளத்தைப் பற்றிய கதையைத் தந்து, 24 மணி நேரத்துக்குள் விடைகளைப் பதிவேற்றச் சொல்வார்கள். புத்தகம் திறந்திருக்கிறது என்று நம்பி, மனப்பாடக் குறிப்புகளை அப்படியே எழுதினால் புள்ளி வராது. ஒவ்வொரு விடையும் அந்தக் கதையில் நடந்த சம்பவத்தைத் தொட்டு எழுதப்பட வேண்டும். என் வீட்டில் இணைய இணைப்பு நிலைக்காததால் வவுனியாவில் சின்னம்மா வீட்டில் தங்கி எழுதினேன். கட்டணம் வெளிநாட்டு நாணயத்தை ஒட்டியே கணக்கிடப்படுவதால், ரூபாய் விழும்போது அது ஏறும். டிப்ளோமாவில் சேரும்போதே இதற்குத் தனியாகச் சேமிக்கத் தொடங்குங்கள்.

இரண்டாவது பகுதிதான் எனக்கு உண்மையான படிப்பு. நமக்குத் தெரிந்த வேலைத்தளம் ஒன்றை எடுத்து, குறைந்தது ஐந்து வகைகளைச் சேர்ந்த பத்து ஆபத்துகளையாவது கண்டு, அவற்றில் உடனே செய்ய வேண்டிய மூன்று நடவடிக்கைகளுக்கு அறம், சட்டம், பணம் ஆகிய மூன்று வழிகளிலும் நியாயம் எழுத வேண்டும். உரிமையாளரிடம் அனுமதி பெற்று, எங்கள் பக்கத்து நெல் ஆலை ஒன்றை எடுத்தேன். உமித்தூசு, இரைச்சல், பெல்ட், அவியல் கொதிகலன், மூட்டை தூக்கல், மேலே கனல் தெரியாமல் உள்ளே எரியும் உமிக்குவியல் என்று பத்தைத் தாண்டிப் பதினாறு வந்தது. முகமூடி வாங்கிக் கொடுத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆபத்தை நீக்குதல், மாற்றுதல், பொறியியல் தடுப்பு, வேலை ஒழுங்கு ஆகிய நான்கும் முடிந்த பிறகுதான் உடலில் அணியும் கவசம் என்ற வரிசையை விரிவுரையாளர் திரும்பத் திரும்பச் சொன்னது அங்கே பயன்பட்டது. தூசை உறிஞ்சும் குழாயையும் பெல்ட் மறைப்பையும் முதலில் எழுதினேன். பெல்ட் மறைப்பை உரிமையாளர் உள்ளூர் வெல்டிங் கடையில் ஒரு கிழமைக்குள் செய்து பூட்டிவிட்டார்.

சேர விரும்புவோர் கவனிக்க வேண்டிய ஒன்று விளம்பரத் தாள். வகுப்பு முடிந்ததும் வளைகுடாவில் வேலை நிச்சயம் என்று அதில் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். எங்கள் பதினெட்டுப் பேரில் இதுவரை இருவருக்கே அங்கு வேலை கிடைத்திருக்கிறது, அதுவும் முன்பே கட்டட வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு. எனக்கு வீதிக் கட்டுமான ஒப்பந்ததாரர் ஒருவரிடம் கிளிநொச்சியிலேயே உதவிப் பாதுகாப்பு அலுவலர் வேலை கிடைத்தது. சம்பளம் முன்பிருந்ததைவிடச் சற்றுக் குறைவு. நிலையம் தரும் டிப்ளோமாவின் தலைப்பில் சர்வதேசம் என்ற சொல் இருப்பதால் மட்டும் அது வெளிநாட்டில் செல்லாது. அந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா, நீங்கள் சேரும் அந்தப் பாடநெறியே அங்கீகாரம் பெற்றதா என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, பதிவு இலக்கத்தை வாங்கிச் சரிபார்த்த பின்பே முதல் தவணையைக் கட்டுங்கள். நான் முதலாவதை மட்டும் கேட்டேன்.

வேலைத்தள அனுபவம் ஏதாவது இருப்பவருக்கும், கண்ணிவெடி அகற்றலிலிருந்து வேறு தொழிலுக்கு மாற விரும்புபவருக்கும் இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். உயர்தரம் முடித்த கையோடு வருபவர்கள் ஆறு மாதமாவது ஓர் ஆலையிலோ கட்டட வேலையிலோ நின்றுவிட்டுச் சேர்ந்தால், அவர்களிடம் கேட்பதற்குக் கேள்விகள் இருக்கும். சேரும்போது அந்த வேலைத்தளத்தின் படங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். விரிவுரையாளர் பார்த்து விளக்கம் சொல்வார்.