கடல்நீரா, மழைநீரா? சென்னைக்கு என் ஓட்டு

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என எல்லா ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்போது திருவான்மியூரில் எங்கள் குடியிருப்பில் இரண்டே யோசனைகள்தான். பெரிய சம்ப் கட்டி லாரித் தண்ணீரையே நம்புவது; இல்லையென்றால் மூடிக் கிடந்த கிணற்றுக்கு மொட்டை மாடி மழைநீரைத் திருப்புவது. கிணற்றைத் தேர்ந்தெடுத்தோம். நகரத்துக்கு முன்னால் உள்ள கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான்: கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளை நம்புவதா, பெய்கிற மழையைச் சேமிப்பதா?

கடல்நீர் ஆலைக்கு வானத்தைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. மீஞ்சூர் ஆலையின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். நெம்மேலியில் அதே அளவில் ஒன்றும், 2024 இல் வந்த 15 கோடி லிட்டர் ஆலையும் இருக்கின்றன. ஆனால் ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட் மின்சாரம் வேண்டும். 10 கோடி லிட்டர் என்றால் தினமும் 3 லட்சம் யூனிட்டுக்கு மேல். உப்பு மிகுந்த கழிவுநீர் திரும்பக் கடலுக்கே போகிறது.

மழைக்கு வருவோம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது. 1,000 சதுர அடி மாடியில் மட்டும் ஏறக்குறைய 1,30,000 லிட்டர் விழும். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் பத்து லோடுக்கு மேல். பருவநிலை மாற மாற, மழை சில நாட்களிலேயே கொட்டித் தீர்க்கிறது. 2015 டிசம்பரில் ஊரே மூழ்கியது, நான்கு ஆண்டில் குடத்தோடு வரிசையில் நின்றோம். கொட்டுகிற நாளில் பிடிக்கத்தான் ஏரியும் கிணறும் வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. மழைநீர் சேகரிப்பு 2003 இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. ஆனால் குழி இருந்தால் போதாது. எங்கள் வடிகட்டித் தொட்டியின் சிலாப்பைத் தூக்கினால், மேல்மணல் கறுத்துப் பிசுபிசுத்துப் பாளமாகியிருக்கும். குழாய் வாயில் வேப்பிலைச் சருகு அடைத்திருக்கும். அந்த மணலை வாரிக் கொட்டி, ஜல்லியை அலசிப் போட ஒரு பகல், இரண்டு ஆள் போதும். ஐப்பசிக்கு முன் செய்யாவிட்டால் தண்ணீர் கிணற்றுக்குப் போகாமல் தெருவுக்குப் போய்விடும். கடல்நீர் ஆலையில் உப்பைப் பிரிக்கும் சவ்வு அடைத்தால் நாம் கையைப் பிசைந்து நிற்கத்தான் முடியும். மழைநீர்த் தொட்டியை நாமே சுத்தம் செய்துகொள்ளலாம்.

ஒன்று சொல்ல வேண்டும்: எங்களுடையது மணற்பாங்கான மண். பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண்ணில் இதே பலன் கிடைக்கும் என்று உறுதி தர மாட்டேன். அடுத்தடுத்து இரண்டு பருவமழை பொய்த்தால் கடல்நீர் ஆலைதான் கைகொடுக்கும். இருக்கிற ஆலைகள் அதற்காக இருக்கட்டும். புதிதாக ஒதுக்குகிற பணம் முதலில் ஏரிகளைத் தூர்வாரவும், வீட்டுக் குழிகளை ஆண்டுதோறும் புரட்டாசியில் சோதிக்கவும் போகட்டும்.