கிராக்கிள்பாக்ஸ்: ஏழு குளிர்காலங்களுக்குப் பிறகு

போன வாரம்தான் என் கிராக்கிள்பாக்ஸ் பழுது நீங்கி வீட்டுக்கு வந்தது. விரலால் தொட்டு வாசிக்கும் ஒரு சின்ன மின்னணு வாத்தியம் அது. அதே வாரத்தில் நண்பன் ஒருவன், "பழையது ஒண்ணு விலைக்கு வருது, வாங்கலாமாடா?" என்று கேட்டிருந்தான். இரண்டு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு வரியில் அடங்கவில்லை.

ஆறு உலோகத் தகடுகள், உள்ளே ஒரு குட்டி ஸ்பீக்கர், ஒரு 9 வோல்ட் பேட்டரி. தகடுகளில் விரல் வைத்தால் கத்தும், முனகும், கரகரக்கும். இதெல்லாம் அவனுக்கும் தெரியும். அவன் கேட்டது, வைத்துக்கொண்டு வாழ முடியுமா என்பதைத்தான்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் பிறந்தால் இது ஊமையாகிவிடுகிறது. நான் இருப்பது ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வீனில். குளிர்காலத்தில் வீட்டில் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். தோல் வறண்டு, விரல் நுனி தாள்போல ஆகிவிடும். இந்தப் பெட்டியில் மின்சாரம் ஓடுவது நம் தோல் வழியாக. உலர்ந்த தோலின் மின்தடை ஈரத்தோலைவிடப் பல மடங்கு அதிகம். ஜூலையில் லேசாகத் தொட்டாலே அலறும் தகடு, ஜனவரியில் அழுத்திப் பிடித்தாலும் கொசு பறக்கிற மாதிரி முனகுகிறது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து விரலை நனைத்து நனைத்து வாசித்திருக்கிறேன். தண்ணீர் காய்ந்ததும் பழையபடி முனகல்தான். ஏழு குளிர்காலமாக இதே கதை.

அடுத்தது, ஒருமுறை வந்த சத்தம் மறுமுறை வராது. போன வருடம் ஒரு ராத்திரி, இடது கை நடுவிரலும் வலது கைப் பெருவிரலும் சேர்ந்த ஓர் இடத்தில், தூரத்தில் ரயில் திரும்புவது போன்ற ஓர் ஒலி வந்தது. விரல் வைத்த இடத்தைத் தாளில் வரைந்துகூட வைத்தேன். மறுநாள் அதே விரல், அதே இடம், வேறு சத்தம். அந்த ரயிலை அப்புறம் நான் கேட்கவே இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது, இன்னும் இருக்கிறது.

சரி, ஏன் இப்படி? பெட்டிக்குள் இருப்பது 709 என்ற ஆப்-ஆம்ப் சிப், அதாவது சின்ன மின்குறிப்பைப் பெரிதாக்கிக் கொடுக்கும் சிப். 1965-இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் பாப் விட்லர் வடிவமைத்தது. அதற்கு ஒரு குணம் உண்டு. வெளியே தக்க ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் போட்டு அடக்கிவைக்காவிட்டால் தானாகவே அதிர ஆரம்பித்துவிடும். அதற்கென்றே தனிக் கால்களை வெளியே நீட்டிவைத்திருப்பார்கள். 1968-இல் வந்த 741 சிப்பில் அந்தத் தொல்லையே இல்லை. அடக்கும் கெபாசிட்டரை உள்ளேயே வைத்து மூடிவிட்டார்கள். எஞ்சினியர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்ட இடம் அது. மிஷெல் வைஸ்விஸ் என்ற டச்சுக்காரருக்கோ அந்தத் தொல்லைதான் வேண்டியிருந்தது. ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் உட்கார வேண்டிய இடத்தில் நம் விரலைக் கொண்டுபோய் வைத்தார். விரலின் ஈரம், அழுத்தம், பரப்பு எல்லாம் சேர்ந்து மின்சுற்றின் ஒரு பாகமாகிவிடும். என் விரல் நேற்று இருந்த மாதிரி இன்று இல்லை, அதனால் சத்தமும் நேற்றைய மாதிரி இல்லை. எனக்குக் குறையாகப் படுவதுதான் இதைச் செய்தவரின் எண்ணமே.

வைஸ்விஸ் 1949-இல் லைடனில் பிறந்தவர். சின்ன வயதில் சகோதரனோடு சேர்ந்து அப்பாவின் சிற்றலை ரேடியோவுக்குப் பின்னால் கைவிட்டு, சுற்றுப் பலகையைத் தொட்டுத் தொட்டுச் சத்தம் எழுப்பிப் பார்த்ததிலிருந்துதான் இந்த யோசனை வந்தது என்று சொல்லியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு ரேடியோ ஞாபகம் வந்தது. இலங்கை வானொலி இழுக்காத நாள்களில் அப்பா ஏரியல் ஒயரைக் கையில் பிடித்தபடி நிற்பார். "அப்படியே நில்லுங்க, இப்ப நல்லா கேக்குது" என்பாள் அம்மா. பாட்டு முடியும்வரை அப்பா அசையமாட்டார். மனித உடம்பும் ரேடியோவின் ஓர் உறுப்பு என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதை எடுத்து ஒரு வாத்தியமாக்கலாம் என்று அந்த டச்சுப் பையனுக்குத் தோன்றியிருக்கிறது.

எழுபதுகளில் அவர் ஆம்ஸ்டர்டாமில் ஸ்டெய்ம் என்ற மின்னணு இசை நிலையத்தில் இந்தப் பெட்டியை உருவாக்கினார். ஏறக்குறைய 4000 பெட்டிகள் விற்றன. எலக்ட்ரானிக் இசைக் கருவிகள் பல பெரிதாக இருந்த காலம் அது. அப்போது யார் வேண்டுமானாலும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போகிற ஒன்றைச் செய்தார் பாருங்கள், அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஸ்டெய்ம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1969-இல் மிஷா மெங்கல்பெர்க், லூயி ஆண்ட்ரீசன், பீட்டர் ஸ்ஹாட் முதலிய இசையமைப்பாளர்கள் சேர்ந்து தொடங்கியது. இவர்களில் பலர் அதே ஆண்டு நவம்பரில் ஆம்ஸ்டர்டாமின் பெரிய கச்சேரி மண்டபமான கான்சர்ட்கெபாவுக்குள் ஊதலும் கிளிக்கானும் எடுத்துப்போய், புது இசைக்கு இடம் கொடுங்கள் என்று கச்சேரியையே நிறுத்தியவர்கள். கிளிக்கான் என்றால் நாம் திருவிழாவில் வாங்குவோமே, தகரத் தவளை, அதுதான். அந்தப் பரம்பரையில் வந்தவர் வைஸ்விஸ். 1981 முதல் ஸ்டெய்மின் கலை இயக்குநராக இருந்தார். அவர் காலத்தில் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும், இரைச்சலையே இசையாக வாசிக்கும் ஓர் இரைச்சல் கலைஞர், பாதி வேலை முடிந்த கருவியோடு வந்து, சில வாரம் தங்கி, அதை முடித்துக்கொண்டு போகலாம். இப்படி ஒருவர் வீட்டை இன்னொருவர் பட்டறையாக்கிக்கொண்ட கூட்டம் அது.

இந்தப் பெட்டியின் டச்சுப் பெயர் க்ராக்டோஸ். க்ராக் என்றால் கரகரப்பு, டோஸ் என்றால் பெட்டி. ஆனால் 'க்ராகன்' என்ற சொல்லுக்கு இந்த ஊரில் இன்னொரு பொருளும் உண்டு. பூட்டிக் கிடக்கும் கட்டடத்தை உடைத்துக் குடியேறுவது. வீடில்லாத இளைஞர்கள் அப்படிக் குடியேறிய கட்டடங்கள் பலவற்றில் கச்சேரிக் கூடங்கள் முளைத்தன. ஓவர்டோம் 301 என்ற முகவரியில் இருந்த பழைய திரைப்படக் கல்லூரியை 1999-இல் இப்படித்தான் பிடித்தார்கள். இன்று அதன் பெயர் ஓ.டி.301. சினிமா, சமையல், இரைச்சல் எல்லாம் உண்டு. இந்த மாதிரிக் கூடங்களில்தான் நான் இரைச்சல் இசை கேட்கப் பழகினேன். பத்துப் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். வாசிப்பவர் முடித்ததும் எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்று "இந்த ஒயர் எங்கே போகிறது?" என்று கேட்பார்கள். அவரும் பொறுமையாகக் காட்டுவார். முதல்முறை நான் என் பெட்டியைக் கொண்டுபோனபோது, பெயர் கேட்கும் முன்னாலேயே ஒரு பெண் கையை நீட்டி, "அதில் 709 இருக்கிறதா?" என்றார்.

இப்போது பழுதுக்கு வருகிறேன். பிப்ரவரியில் ஒருநாள் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு அப்படியே தகட்டைத் தொட்டேன். சுளீரென்று ஒரு பொறி. அதோடு பெட்டி அடங்கிவிட்டது. இந்தச் சிப் இப்போது எளிதில் அகப்படுவதில்லை. இணையத்தில் ஒரு கடையில் தேடிப் பிடித்து வாங்கிப் பொருத்தினேன். சத்தம் வந்தது, ஆனால் சவசவவென்று, இரண்டு தகடுகள் அறவே ஊமை. மேலே 709 என்று அச்சிட்டு உள்ளே 741 வைத்து விற்றிருக்கிறார்கள். காசு போனதைவிட, ஒரு மாதம் முழுக்க என் சால்டரிங்கையே சந்தேகப்பட்டு அத்தனை இணைப்பையும் மறுபடி மறுபடி சுட்டுக்கொண்டிருந்தேனே, அதுதான் எரிச்சல்.

கடைசியில் ரிப்பேர் கஃபேக்குத் தூக்கிக்கொண்டு போனேன். 2009-இல் இதே ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய ஏற்பாடு அது. உடைந்ததை எடுத்துப்போனால் தெரிந்தவர்கள் இலவசமாகச் சரிசெய்ய உதவுவார்கள். அன்று மேசையில் இருந்தவர் எழுபது தாண்டிய ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக். பெட்டியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இவர் கையை ஒருதடவை பார்த்திருக்கிறேன்" என்றார். வைஸ்விஸ் 1984-இல் செய்த 'த ஹேண்ட்ஸ்' கருவியைத்தான் சொன்னார். இரண்டு கைகளிலும் பட்டனும் சென்சாருமாக மாட்டிக்கொண்டு, காற்றில் கையை வீசி ஒலியைப் பிசைகிற கருவி. ஒரு கட்டத்தில் வைஸ்விஸ் அதை மேம்படுத்துவதை நிறுத்திவிட்டார். கருவி மாறிக்கொண்டே இருந்தால் வாசிக்கப் பழகுவது எப்போது என்று வருடக்கணக்கில் அதே வடிவத்தில் சாதகம் செய்தார். வருடத்துக்கு ஒரு போன் மாற்றுகிறவர்கள் நடுவில் இருக்கும் எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

மெக்கானிக் தன் வீட்டு டப்பாவிலிருந்து ஒரு நிஜமான 709-ஐ அடுத்த சனிக்கிழமை எடுத்து வந்தார். சிப்பைப் பொருத்தி, பேட்டரி மாட்டி, முதலில் என்னைத் தொடச் சொல்லவில்லை. தன் இரண்டு பெருவிரலையும் நக்கி ஈரமாக்கித் தகட்டில் வைத்தார். பெட்டி கதறியது. பக்கத்து மேசையில் டோஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் கையை எடுக்கவே இல்லை. பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

வைஸ்விஸ் 2008 ஜூன் 18 அன்று புற்றுநோயால் இறந்தார், 58 வயது. அதே ஆண்டுதான் ஸ்டெய்முக்கு அரசு மானியம் நிற்கும் என்ற நிலை வந்து, உலகெங்கும் இருந்த கலைஞர்கள் கடிதம் எழுதிப் போராட வேண்டியிருந்தது. அப்போது தப்பியது. இன்று அந்த நிலையம் இல்லை. நான் இந்த ஊருக்கு வந்தபோது அவர் இறந்து வருடங்கள் ஆகிவிட்டிருந்தன, அவரை நேரில் கேட்டதில்லை. அதை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்பு அம்மா மே மாதம் வந்திருந்தாள். மாங்காய் நறுக்கிக் கழுவிய கையை முந்தானையில் பாதி துடைத்தபடி வந்து, "என்னப்பா இது, தகரப் பெட்டி?" என்று தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். பெட்டி அலறிய அலறலில் கையை இழுத்துக்கொண்டாள். "பயப்படாதீங்கம்மா, ஒம்பது வோல்ட்தான், ஒண்ணும் பண்ணாது" என்றேன். மறுபடி ஒரே ஒரு விரலை வைத்தாள். என் மகள் ஓடிவந்து இன்னொரு தகட்டில் விரல் வைத்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை, லேசான முணுமுணுப்பு. மகளிடம், "பாட்டி கையைத் தொடு" என்றேன். தொட்டாள். பெட்டி பாட ஆரம்பித்தது. பாட்டியின் முழங்கையை மெதுவாகத் தொட்டால் ஒரு குரல், கையை இறுகப் பிடித்தால் அதே குரல் ஏறிக்கொண்டே போகும். மின்சாரம் இருவர் உடம்புக்குள்ளும் ஓடி வருகிறது என்று சொன்னதும், மகள் பாட்டியின் கன்னம், மூக்கு, காதுத் தோடு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தோட்டில் வந்த சத்தம் தனி. அரை மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

நான் வைத்திருக்கிற வேறெந்த வாத்தியமும் இதைச் செய்ததில்லை. கீபோர்டில் இரண்டு பேர் உட்காரலாம். ஆனால் ஒருவர் இன்னொருவரைத் தொட்டால் அதற்குத் தெரியாது.

இவ்வளவு சொல்லியும், நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. நீ நினைத்த சுரம் நினைத்த நேரத்தில் வர வேண்டும் என்று நினைக்கிறவன். பழைய பெட்டிக்கு அவர்கள் கேட்கும் விலை ஜாஸ்தி, சிப் போனால் அலைய வேண்டும், வருடத்தில் ஐந்து மாதம் இது உன்னோடு பேசாது. அந்தப் பணத்தில் வேறு நல்ல கருவி கிடைக்கும். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

"அப்ப உன்னுடையதையாவது எனக்குக் கொடு" என்று நேற்று போனில் கேட்டான். மாட்டேன் என்றேன். சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். புதுசா ஒரு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக்கொண்டு வா, வந்ததும் கையைக் கழுவு, துடைக்காதே.